‘நாட் பேட்’: நன்றாக இருக்கிறதா, இல்லையா?

‘நாட் பேட்’ என்ற இரண்டு சொல்லுக்கு அகராதிப் பொருள் ‘மோசமில்லை’. புழக்கத்தில் அது ‘சுமார்’ முதல் ‘பிரமாதம்’ வரை எங்கே வேண்டுமானாலும் போய் நிற்கும். பாராட்ட வந்ததை நேராகப் பாராட்டாமல், குறை இல்லை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது ஆங்கிலேயர் பேச்சில் ஊறிய வழக்கம். இலக்கணத்தில் இதற்கு லிட்டோட்டிஸ் என்று பெயர். பெயர் மறந்துபோனாலும் நஷ்டமில்லை. ‘லேசுப்பட்ட ஆளில்லை’, ‘சோடை போகவில்லை’ என்று தமிழில் சொல்வதும், கல்யாணப் பந்தியில் கை கழுவிக்கொண்டே பெரியவர் ‘குறை சொல்ல முடியாது’ என்பதும் இதே ஜாதிதான்.

புதுச்சேரியில் இந்தச் சொல்லுக்கு வேலை அதிகம். ரூ ட்யூமா, ரூ சுஃப்ரேன் பக்கத்து விடுதிகளிலும் காபிக்கடைகளிலும், காந்தி வீதி ஞாயிறு சந்தையிலும், ஆரோவில் போகும் ஆட்டோக்களிலும் ஒரு நாளைக்கு எத்தனையோ ‘நாட் பேட்’ காதில் விழும். 1954 நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த பிரெஞ்சு ஊர் இது. அதனால் ஆங்கில ‘நாட் பேட்’, பிரெஞ்சு ‘பா மால்’, தமிழ்ப் ‘பரவாயில்லை’ மூன்றும் ஒரே மேசையில் சந்தித்துக்கொள்ளும். ஏறக்குறைய ஒரே சொல்தான். அளவுதான் வேறு வேறு. விடுதி, உணவகம், துணிக்கடை, வண்டி, சுற்றுலா வழிகாட்டல் என்று வெளிநாட்டவரோடு பேசிப் பிழைப்பவர்கள் இதைக் காதால் பிரித்தறியவும், வாயால் சரியாகச் சொல்லவும் வேண்டிய முறை கீழே வருகிறது.

கேட்கும்போது: ஆறு படிகள்

1. முதலில் குரல். ‘பேட்’ என்பதில் குரல் மேலே ஏறி வளைந்து இறங்கினால், ‘நாட் பே…ட்!’ என்று சற்று நீண்டு வந்தால், அது பாராட்டு. இரண்டு சொல்லும் ஒரே மட்டத்தில் தட்டையாக, வேகமாக வந்து விழுந்தால் சுமார். கடைசியில் குரல் இறங்காமல் மேலே தொங்கிக்கொண்டு நின்றால், பின்னால் ஒரு ‘பட்’ வரப்போகிறது. அதற்குப் பிறகு வருவதுதான் உண்மையான கருத்து.

2. அடுத்து முகம். புருவம் உயர்ந்து, உதட்டின் இரண்டு ஓரமும் கீழே இறங்கி, தலை மெதுவாக மேலும் கீழும் ஆடினால், ‘அட, எதிர்பார்க்கவில்லையே’ என்று அர்த்தம். இந்த உதட்டுப் பிதுக்கல் தமிழ்க் கண்ணுக்கு ‘பிடிக்கவில்லை’ என்றே படும். இங்கேதான் பலர் தவறிப்போகிறார்கள்.

3. எந்தக் கேள்விக்குப் பதில் என்று பார்க்க வேண்டும். ‘ஹவ் ஆர் யூ?’ என்பதற்கு வரும் ‘நாட் பேட், தேங்க்ஸ்’ வெறும் முகமன். அதில் உடல்நிலையும் இல்லை, மனநிலையும் இல்லை.

4. யார் சொல்கிறார்? பிரிட்டன்காரர், ஆஸ்திரேலியர் வாயில் ‘நாட் பேட்’ பெரும்பாலும் நல்ல மதிப்பெண். அமெரிக்கர் பலருக்குப் பிடித்திருந்தால் ‘கிரேட்’, ‘ஆசம்’ என்று வாய் நிறைய வந்துவிடும். அவர்கள் ‘நாட் பேட்’ என்று தட்டையாகச் சொன்னால் நடுத்தரம் என்றே எடுத்துக்கொள்வது நல்லது. ஜெர்மானியருக்கும் அவர்கள் மொழியில் இதே ‘மோசமில்லை’ உண்டு, அதுவும் பாராட்டுத்தான்.

5. சொல்லைவிடச் செயல் தெளிவாகப் பேசும். தட்டு காலியா? இன்னொரு காபி கேட்டாரா? சட்டையை மடித்து வைத்தாரா, இன்னும் தடவிக்கொண்டிருக்கிறாரா?

6. இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் தீராவிட்டால் கேட்டுவிடலாம். ‘குட் ஆர் பேட்?’ என்று கேட்பது பயனற்றது, மறுபடியும் ‘நாட் பேட்’தான் வரும். குறுகலான கேள்வியாகக் கேட்க வேண்டும்: ‘காரம் சரியாக இருந்ததா?’, ‘ஏசி சத்தம் போட்டதா?’, ‘தலையணை போதுமா?’ இப்படிக் கேட்டால் ஆங்கிலேயரும் ஆம், இல்லை என்று சொல்லித்தான் தீர வேண்டும்.

இந்தப் படிகள் கடையில் எப்படி நடக்கும் என்பதற்கு ஒரு காட்சி. காலை எட்டரை மணி, கடற்கரைக்கு ஒரு தெரு தள்ளி ஒரு சிறிய காபிக்கடை. ஆங்கிலேயத் தம்பதி, வயது எழுபதை ஒட்டி. மசால் தோசை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து, எப்படி இருக்கிறது என்று பையன் கேட்கிறான். கிழவர் உதட்டைப் பிதுக்கி, தலையை ஆட்டி, ‘நாட் பேட்’ என்கிறார். பையன் முகம் தொங்கிவிடுகிறது. உள்ளே போய்:

“அண்ணே, அந்த ஐயா நாட் பேட்னு சொல்லிட்டாரு. வேற போட்டுக் குடுக்கட்டுமா?”

“தட்டைப் பார்த்தியாடா தம்பி?”

பார்த்தால், தோசையின் கருகிய ஓரம்கூட மிச்சமில்லை. கிண்ணத்தில் சட்னியை விரலால் வழித்த தடம். அந்த அம்மாள் அடுத்த மேசைக்கு வந்த ஊத்தப்பத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருக்கிறார். அப்போது பையன் செய்ய வேண்டியது ‘சாரி’ சொல்வதல்ல, மெனு அட்டையை இன்னொரு முறை நீட்டுவதுதான்.

ஒட்டுச் சொற்கள்: அளவை மாற்றுபவை

முன்னும் பின்னும் ஒட்டும் சிறு சொற்களே பொருளின் எடையைத் தீர்மானிக்கின்றன.

*நாட் பேட் அட் ஆல்.* சந்தேகமே வேண்டாம், பாராட்டு. தமிழில் ‘ரொம்ப நல்லா இருக்கு’.

*நாட் டூ பேட்.* ஒரு படி கீழே. காய்ச்சல் விட்டு எழுந்தவர் ‘இப்ப தேவல’ என்பாரே, அந்த இடம். நலம் விசாரிப்புக்கு ‘நாட் பேட்’ போலவே இதுவும் பொதுப் பதில்.

*நாட் ஹாஃப் பேட்.* ‘பாதி மோசம்’ என்று பிரித்துப் பார்க்கவே கூடாது. நினைத்ததைவிட நன்றாக இருக்கிறது என்பதே பொருள்.

*நாட் எ பேட் ஐடியா.* யோசனையை ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். ‘வெயிலுக்கு முன்னால் கூபேர் அவென்யூவில் நடந்துவிட்டு, பிறகு அருங்காட்சியகம் போகலாமா?’ என்று வழிகாட்டி கேட்டு, இந்தப் பதில் வந்தால் கிளம்ப வேண்டியதுதான். இன்னொரு யோசனை தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.

*நாட் பேட் ஃபார்…* இதுதான் இருபுறமும் கூர் உள்ள கத்தி. ‘நாட் பேட் ஃபார் எ பிகினர்’ என்றால் புதியவருக்கு இது அதிகம் என்ற பாராட்டும், புதியவர்தானே என்ற வரம்பும் சேர்ந்தே வரும். சமவயதுத் தோழர்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளலாம். விருந்தினர் படகில் துடுப்புப் போடும்போது ‘உங்கள் வயதுக்கு நாட் பேட்’ என்று ஊழியர் சொன்னால், ‘உங்கள் வயதுக்கு’ என்பது மட்டும்தான் காதில் நிற்கும்.

*நாட் தட் பேட்.* கவனம் அதிகம் தேவைப்படுவது இதற்குத்தான். யாரோ ஏற்கெனவே மோசம் என்று சொல்லியிருக்கிறார், அதை மறுக்கிறோம் என்ற குறிப்பு இதற்குள் இருக்கிறது. மே மாத வெயிலைப் பற்றி விருந்தினர் புலம்பும்போது சிரித்துக்கொண்டே ‘இட்ஸ் நாட் தட் பேட்’ என்றால் வேடிக்கையாகப் போய்விடும். குளியலறையில் தண்ணீர் நிற்கிறது என்று அவர் சொல்லும்போது அதையே சொன்னால், உங்கள் புகாரை நம்பவில்லை என்று முகத்தில் அடித்த மாதிரி. வரவேற்பு மேசையில் உட்காருபவர் புகார் கேட்கும் நேரத்தில் இந்தத் தொடரை நாக்கிலிருந்து அகற்றிவிட வேண்டும்.

எதிர்த்திசை: புகாரையும் குறைத்துத்தான் சொல்வார்கள்

பாராட்டைக் குறைப்பவர் புகாரையும் குறைப்பார். இந்தத் திசைதான் வேலைக்கு ஆபத்தானது. பாராட்டைத் தவறவிட்டால் சந்தோஷம் மட்டும் போகும், புகாரைத் தவறவிட்டால் விருந்தினரே போய்விடுவார்.

‘எ பிட் ஆஃப் எ ப்ராப்ளம் வித் த ஷவர்’ என்றால் குழாய் லேசாகச் சொட்டுகிறது என்று எண்ணி, மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது. போய்ப் பார்த்தால் தண்ணீர் கட்டில் காலைத் தொட்டிருக்கலாம். ‘எ பிட் நாய்ஸி’ என்றால் இரவு முழுக்கத் தூங்கவில்லை. ‘நாட் ஐடியல்’ என்றால் பொறுமை தீர்ந்துவிட்டது. ‘நாட் வெரி குட்’ என்பது நேராகவே மோசம். ‘நாட்’டுக்குப் பின்னால் ‘குட்’ வந்தால் பொருள் கீழே, ‘பேட்’ வந்தால் மேலே என்று நினைவில் வைத்தால் போதும்.

குறிப்பு: ‘எ பிட்’ என்ற சொல் காதில் விழுந்ததும் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு அறைக்குப் போய்க் கண்ணால் பார்ப்பது என்று பழக்கிக்கொண்டால், பாதிச் சண்டைகள் தொடங்காமலே போகும்.

சொல்லும்போது: வரிசை

1. உச்சரிப்பை முதலில் சரிசெய்ய வேண்டும். தமிழில் ‘பேட்’ என்று எழுதினால் அதை நான்கு விதமாகப் படிக்கலாம். படுக்கை, மட்டை, பந்தயம் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய இதே எழுத்துதான். இங்கே தேவைப்படுவது ‘பாட்டி’யில் வரும் அழுத்தமான பகரம் அல்ல, ‘அம்பு’வில் வரும் மெல்லிய பகரம். உயிர் ஏகாரமும் அல்ல, ‘பேங்க்’கில் வாய் அகலத் திறப்போமே, அது. கடைசி டகரமும் அடித்து நிறுத்தாமல் ‘வண்டி’யில் போல மெத்தென்று முடிய வேண்டும்.

2. நலம் விசாரிப்புக்குப் பதிலாகத் தொடங்குவது பாதுகாப்பானது: ‘நாட் பேட், தேங்க் யூ. அண்ட் யூ?’ கடைசி இரண்டு சொல்லை விட்டுவிட்டால் பேச்சு அந்தரத்தில் நிற்கும்.

3. பிறகு தன்னுடைய பொருளைப் பற்றிப் பேசும்போது பயன்படுத்தலாம். ‘யுவர் இங்கிலீஷ் இஸ் வெரி குட்’ என்று விருந்தினர் சொன்னால், ‘நாட் டூ பேட், ஐ ஹோப்’ என்று சிரிப்பது அடக்கமாக இருக்கும். தன்னைக் குறைத்துக்கொள்ளும்போது இந்தச் சொல் யாரையும் காயப்படுத்தாது.

4. பிறரின் பொருளைப் பற்றிச் சொல்வது கடைசிப் படி. அதுவும் நெருங்கியவரிடம், குரல் வளைவோடு. மதிப்புக்குரியவர் வரைந்த ஓவியத்தையோ சமைத்த உணவையோ பார்த்து ‘நாட் பேட்’ என்று தட்டையாகச் சொன்னால் கெட்டது குடி. அங்கே ‘லவ்லி’, ‘வெரி நைஸ்’ என்று நேராகவே சொல்லிவிடலாம்.

5. எழுத்தில் தவிர்க்க வேண்டும். குரலும் புருவமும் இல்லாத இடத்தில் ‘நாட் பேட்’ குளிர்ந்த சாம்பார் மாதிரி. மின்னஞ்சலில் சக ஊழியருக்கு ‘யுவர் ரிப்போர்ட் வாஸ் நாட் பேட்’ என்று எழுதினால், அவர் அந்த வரியை நாலு முறை படித்துவிட்டு மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைப்பார்.

வாக்கிய அமைப்பில் ஒரே ஒரு விஷயம். பெயர்ச்சொல் கூட வந்தால் நடுவில் ‘எ’ வேண்டும்: ‘இட்ஸ் நாட் எ பேட் ரூம்’. தமிழில் ‘மோசமான அறை இல்லை’ என்பதில் அந்த ‘எ’ இல்லாததால் அது எளிதில் விடுபட்டுவிடும்.

‘பரவாயில்லை’யின் பொறி

மொழிபெயர்ப்பில் கை முதலில் போவது ‘பரவாயில்லை’யிடம்தான். ‘பரவா’ என்பது பாரசீகம், உருது வழியாக வந்த ‘பர்வா’, அதாவது கவலை. ஆகவே அந்தச் சொல் அடிப்படையில் ‘கவலை இல்லை’ என்கிறது. ‘மோசமில்லை’ என்று சொல்லவில்லை. அதனால் தமிழில் அதற்கு வேலைகள் அதிகம். கால் மிதித்தவர் மன்னிப்புக் கேட்டால் ‘பரவால்ல’. இன்னொரு இட்லி வைக்க வந்தால் கையால் மறைத்துக்கொண்டு ‘பரவால்ல, போதும்’. படம் எப்படி என்றால் ‘பரவால்ல’. ‘நாட் பேட்’ இந்த மூன்றில் கடைசி வேலையை மட்டுமே பார்க்கும்.

இதனால் இரண்டு பிழைகள் நேர்கின்றன. ஒன்று, கோப்பையைத் தட்டிவிட்ட விருந்தினர் ‘சாரி’ என்றதும் ஊழியர் பதற்றத்தில் ‘நாட் பேட், நாட் பேட்’ என்பது. அங்கே வர வேண்டியது ‘தட்ஸ் ஆல்ரைட்’ அல்லது ‘நோ ப்ராப்ளம்’. இன்னொன்று இன்னும் நுட்பமானது: விருந்தினர் மனமாரச் சொன்ன ‘நாட் பேட்’டை ஊழியர் சமையலறைக்குள் போய் ‘பரவால்லன்னாங்க’ என்று அறிவிப்பது. பொருளைப் பற்றித் தமிழில் சொல்லும் ‘பரவால்ல’ என்பது ஒப்பேற்றலாம் என்ற மட்டம்தான். காலையிலிருந்து அடுப்பில் நின்ற மாஸ்டருக்கு அது பாராட்டாகப் படாது. ‘நல்லா இருக்குன்னாங்க மாஸ்டர்’ என்பதே நேர்மையான மொழிபெயர்ப்பு.

ஆனால் தமிழிலும் ‘நாட் பே…ட்!’டுக்குச் சரிநிகர் ஒன்று இருக்கிறது. ‘அட, பரவாயில்லையே!’ அந்தக் கடைசி ஏகாரம்தான் விஷயம். ஆங்கிலேயர் குரலை வளைத்துச் செய்வதைத் தமிழ் ஓர் எழுத்தில் செய்துவிடுகிறது. முதல் தடவை சைக்கிளில் கை விட்டு ஓட்டிக் காட்டும் பேத்தியைப் பார்த்துத் தாத்தா ‘பரவாயில்லையே!’ என்றால், அதில் சுமார் என்ற எண்ணம் துளிகூட இல்லை. ‘நாட் பேட்’டைக் கேட்டதும் மனதுக்குள் ‘பரவாயில்லை’யா, ‘பரவாயில்லையே’யா என்று ஒரு முறை சொல்லிப் பார்ப்பது நல்ல பயிற்சி, எது பொருந்துகிறதோ அதுதான் பொருள்.

‘பா மால்’: பிரெஞ்சுக்காரரிடம்

1826இல் தொடங்கிய லிசே பிரான்சே பள்ளியும், 1889இல் தொடங்கிய அலியான்ஸ் பிரான்சேஸ் மொழி மையமும் இன்னும் இயங்கும் ஊரில் பிரெஞ்சுப் பேச்சைத் தாண்டிப் போக முடியாது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ‘சொல்தா’ குடும்பங்கள், பிரான்சில் குடியேறி விடுமுறைக்கு வந்துபோகும் உறவினர்கள், சுற்றுலாப் பயணிகள் என்று ‘பா மால்’ சொல்லும் வாய்கள் பல. பிரெஞ்சுப் பள்ளிகளில், குறை இல்லை என்று சொல்லிப் பாராட்டும் இந்த உத்தியை ‘லிதோத்’ என்று பாடமாகவே நடத்துகிறார்கள். அதற்கு வழக்கமாகக் காட்டும் உதாரணம், கொர்னேய் 1637இல் அரங்கேற்றிய ‘லெ சித்’ நாடகத்தில் நாயகி தன் காதலை வெளிப்படையாகச் சொல்லாமல் வெறுப்பில்லை என்ற அளவில் நிறுத்திக்கொள்ளும் இடம்.

உச்சரிப்பு எளிது. எழுதும்போது ‘பா’வின் கடைசியில் வரும் ஸகரம் ஊமை, ‘பாஸ் மால்’ என்று படிக்கக் கூடாது. ‘சா வா?’ என்று நலம் விசாரித்தால் ‘பா மால், மெர்சி. ஏ வூ?’ என்று பதில் சொல்லலாம். உணவுக்கு ‘பா மால்’ என்றாலும் ‘பா மொவே’ என்றாலும் நல்லதுதான். ‘பா மால் த்யு தூ’ என்றால் ஆங்கில ‘அட் ஆல்’ சேர்ந்த அதே உயரம். ஓர் ஆணையோ பெண்ணையோ பார்த்து ‘பா மால்’ என்றால் பார்க்க லட்சணம் என்று அர்த்தம். அதை மொழிபெயர்க்கும் வேலையில் வழிகாட்டி தலையிடாமல் இருப்பது உத்தமம்.

ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வேலையும் ‘பா மால்’ செய்யும்: எண்ணிக்கை சொல்லும். பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை 14 அன்று கூபேர் அவென்யூவில் உள்ள பிரெஞ்சுப் போர் நினைவிடத்தின் பக்கம் கூட்டத்தைப் பார்த்து ஒருவர் ‘பா மால் த மோந்த்’ என்றால், நல்ல மனிதர்கள் என்று சொல்லவில்லை. நிறையப் பேர் வந்திருக்கிறார்கள் என்கிறார்.

பொறி வேறு இடத்தில் இருக்கிறது. அதன் பெயர் ‘பா தெரிப்ல்’. எழுத்தைப் பார்த்தால் ஆங்கில ‘நாட் டெரிபிள்’. ஆங்கிலத்தில் அது ‘அப்படியொன்றும் மோசமில்லை’. பிரெஞ்சுப் பேச்சு வழக்கில் ‘தெரிப்ல்’ என்பதற்கு அபாரம் என்ற பொருளும் உண்டு. ஆகவே ‘பா தெரிப்ல்’ என்றால் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, நன்றாக இல்லை என்று அர்த்தம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஊழியர்தான் இதில் விழுவார். மதாம் மீன் குழம்பை ருசித்து ‘பா தெரிப்ல்’ என்றதும் மகிழ்ச்சியாக ‘மெர்சி, மதாம்!’ என்று சொன்னால், அவருக்கு என்ன சொல்வதென்றே தெரியாது.

அடிக்கடி நேரும் பிழைகள்

சில ஏற்கெனவே வந்துவிட்டன. மிச்சம் இவை.

‘நாட் பேட்’ கேட்டதும் விலையைக் குறைப்பது. ஞாயிறு சந்தையில் பருத்திச் சட்டையைத் தூக்கிப் பார்த்த ஆங்கிலேயர் ‘நாட் பேட்’ என்கிறார். கடைக்காரர் அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்து ஐம்பது ரூபாய் இறங்குகிறார். அவர் வாங்கத்தான் போகிறார். வாய் மூடி மூன்று எண்ணினால் ஐம்பது ரூபாய் மிச்சம்.

‘வெரி நாட் பேட்’ என்று சொல்வது. அப்படி ஒரு தொடர் கிடையாது.

‘ஒய்? வாட் ஹேப்பண்ட்?’ என்று பதறுவது. நலம் விசாரிப்புக்கு ‘நாட் பேட்’ என்று பதில் சொன்னவரிடம் என்ன ஆயிற்று என்று கேட்டால், அவர்தான் பதறுவார்.

எல்லாவற்றையும் ‘நாட் பேட்’ ஆக்கிவிடுவது. புதிதாகக் கற்றுக்கொண்டவர்களுக்கு வரும் வியாதி இது. கோயில் எப்படி, கடல் எப்படி, அப்பா எப்படி, எல்லாவற்றுக்கும் அதே பதில். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு போதும்.

பாதுகாப்பு: குறைத்துப் பேசக் கூடாத இடங்கள்

1982 ஜூன் 24 இரவு, லண்டனிலிருந்து கிளம்பி பம்பாய், சென்னை, கோலாலம்பூர் என்று நின்று நின்று போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 9 விமானம், ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் மாட்டிக்கொண்டது. நான்கு இன்ஜின்களும் அணைந்தன. கேப்டன் எரிக் மூடி பயணிகளிடம் அறிவிக்கத் தொடங்கியது, ஒரு சின்னப் பிரச்சினை என்றுதான். ஆனால் அடுத்த மூச்சிலேயே, நான்கு இன்ஜினும் நின்றுவிட்டன, இயக்க முயன்றுகொண்டிருக்கிறோம் என்று விவரத்தைச் சொல்லிவிட்டார். இன்ஜின்கள் மீண்டும் இயங்கி, விமானம் ஜகார்த்தாவில் இறங்கியது, எல்லோரும் பிழைத்தனர்.

1951 ஏப்ரலில் கொரியாவின் இம்ஜின் ஆற்றங்கரைச் சண்டையைப் பற்றிச் சொல்லப்படும் கதை இதற்கு நேர் எதிர். சீனப் படை சூழ்ந்துகொண்டிருந்தபோது பிரிட்டிஷ் பிரிகேடியர் தன் அமெரிக்க மேலதிகாரியிடம் நிலைமை கொஞ்சம் சிக்கல் என்ற அளவில் சொன்னாராம். ஆங்கிலேயருக்கு அது அபாய மணி. அமெரிக்கர் காதில் அது ‘கொஞ்சம்’ என்றே விழுந்தது. குளோஸ்டர்ஷயர் ரெஜிமென்ட் மலை மேல் தனியாக மாட்டிக்கொண்டது. விமானத்தில் கேப்டன் மூடி பெயரடையைக் குறைத்தாலும் எண்ணிக்கையைச் சொன்னார். கொரியக் கதையில் எண்ணிக்கையே இல்லை. விருந்தினர் வாயிலிருந்து பிடுங்க வேண்டியதும் அந்த எண்ணிக்கையைத்தான்.

*உடம்பு சரியில்லை என்று விருந்தினர் சொன்னால்:*

1. ‘எ பிட் அண்டர் த வெதர்’, ‘நாட் டூ குட்’ என்பவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கே வலி, எப்போதிலிருந்து, எத்தனை தடவை வாந்தி என்று கேட்க வேண்டும்.

2. வலியை ஒன்று முதல் பத்துக்குள் ஓர் எண்ணாகச் சொல்லச் சொல்ல வேண்டும். ‘நாட் பேட்’ என்பவர்கூட எட்டு என்று சொல்வதுண்டு.

3. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கக் கை கால் செயலிழப்பு, பேச்சுக் குழறல் இருந்தால் அவர் வேண்டாம் என்றாலும் 108ஐ அழைக்க வேண்டும்.

4. மருத்துவரிடம் மொழிபெயர்க்கும்போது விருந்தினர் சொன்ன எண்ணையும் நேரத்தையும் சொல்ல வேண்டும். ‘பரவாயில்லைங்கிறாரு டாக்டர்’ என்று முடித்துவிடக் கூடாது.

*கடலோரத்தில்:* இங்கே குறைத்துப் பேசக் கூடாதவர் ஊழியர்தான். அலை எப்படி, குளிக்கலாமா என்று விருந்தினர் கேட்டால் ‘நாட் பேட்’, ‘எ பிட் ரஃப்’ என்று நாசூக்காகச் சொன்னால் அவர் துண்டோடு கிளம்பிவிடுவார். கருங்கல் கொட்டிய நகரக் கடற்கரையில் இறங்குவதற்கு ஒரே பதில்: ‘நோ ஸ்விம்மிங். டேஞ்சரஸ்.’ மரியாதை குறைந்துவிட்டதே என்று அதன் பின்னால் சமாதானம் எதுவும் சேர்க்க வேண்டாம்.

*மின்சாரம்:* கீசர் சுவிட்சைத் தொட்டபோது ‘எ லிட்டில் டிங்கிள்’ இருந்தது என்று ஆங்கிலேயர் சொன்னால், அவருக்கு ஷாக் அடித்திருக்கிறது. பின்வரும் வரிசையில் செய்ய வேண்டும்.

1. குளியலறைக்குள் போகாமல், சுவிட்சைத் தொட்டுப் பார்க்காமல், வெளியே உள்ள பெட்டியில் அந்த அறையின் எம்சிபியை இறக்க வேண்டும். எது என்று தெரியாவிட்டால் மெயினையே அணைக்கலாம்.

2. அந்த அறையைப் பூட்டிவிட்டு விருந்தினருக்கு வேறு அறை தர வேண்டும். படபடப்பு, மயக்கம், தோல் கருகல் இருந்தால் உடனே மருத்துவமனை.

3. எலெக்ட்ரீஷியனை அழைக்கும்போது ‘கொஞ்சம் ஷாக் அடிக்குதாம்’ என்று சொல்லாமல், ‘ஆள் மேல ஷாக் அடிச்சிருக்கு, எர்த் பாக்கணும், இப்பவே வாங்க’ என்று சொல்ல வேண்டும்.

4. அவர் பார்த்துச் சரியென்று சொல்லும்வரை அந்த எம்சிபி மேல் ‘தொடாதே’ என்று எழுதிய தாளை ஒட்டி வைக்க வேண்டும்.